மோசல் கரையில் என் முறை

காலை எட்டு மணி. ஆற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. அறுபது எழுபது வயதுக்காரர்கள் வீட்டுச் செருப்போடு வண்டிகளிலிருந்து இறங்கி, சக்கரம் வைத்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். விமான நிலையத்தில் சூட்கேஸ் இழுத்துப் போகிறவர்களைப் போலத்தான் இருக்கும். எதிரில் வருபவருக்கு "மோர்கன்" என்று வணக்கம் சொல்கிறார்கள், மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவர்களுடைய மலம். வண்டிகள் நிற்கும் இடத்தின் கடைசியில் இருக்கும் தொட்டியில் அதை அவர்களே ஊற்றி, அவர்களே அலசிவிட்டு, பிறகு ரொட்டி வாங்கப் போகிறார்கள். வெட்கமும் இல்லை, அருவருப்பும் இல்லை. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி என்று பிறகு தெரிந்தது. முதல் நாள் நான் காபிக் கோப்பையோடு நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வோன்மொபில் என்பது இங்கே ஜெர்மனியில் ஒரு பெரிய மோகம். முன்பக்கம் வேன், பின்பக்கம் வீடு: படுக்கை, அடுப்பு, மேசை, அலமாரி அளவில் ஒரு கழிப்பறை, அதன் அடியில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. இலையுதிர்காலம் வந்துவிட்டால் அதை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரை ஊர்களுக்குப் போய்விடுவார்கள். ஊருக்கு வெளியே அந்த வண்டிகளை நிறுத்துவதற்கென்றே ஸ்டெல்பிளாட்ஸ் என்று ஓர் இடம் இருக்கும். மோசல் ஆற்றங்கரையில் அப்படியொரு சிறிய ஊருக்கு, அக்டோபரில், வெள்ளி முதல் செவ்வாய் வரை நாங்கள் மூன்று பேர் போனோம். வண்டியை வாடகைக்கு எடுத்தது முரளி அண்ணா. கூட வரச் சொன்னது அவர் மனைவி ஹேமா அக்கா.

இருவரும் சித்தூர் டவுன்காரர்கள். நான் புத்தலப்பட்டுக்குப் பக்கத்து ஊர். திருப்பதியில் இன்ஜினியரிங் படித்து, ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் தரப் பரிசோதனை பார்த்துவிட்டு, அதே வேலைக்கு இங்கே வந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளியில் எல்லாம் தெலுங்குதான். வீட்டில் பேசிய தமிழை எழுத நானே கற்றுக்கொண்டேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். இந்த ஜெர்மன் ஊரில் எங்கள் பேச்சை, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக ஒரே மூச்சில் வரும் பேச்சை, பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். அது ஒன்று இல்லாவிட்டால் வாரம் முழுக்க என் வாயிலிருந்து நம் பேச்சு ஒரு வார்த்தை வராது. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்ததும் ராகி சங்கட்டி செய்தோம். எங்கள் பக்கத்துக் களி. கோழிக் குழம்பை அக்கா வைத்தார். சங்கட்டியைக் கிண்டியது நான். கட்டி தட்டாமல் கிண்டக் கை பலம் வேண்டும். "டவுன்ல பொறந்தவளுக்கு இது வராதும்மா. உன் கையி கையிதான்" என்றார் அக்கா. அண்ணா இரண்டு உருண்டை வாங்கித் தின்றார். சனிக்கிழமை காலையில் அவர்தான் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெட்டியை இழுத்துப் போனார். "எங்க அம்மா பாத்தா மயக்கம் போட்டுடும். பையனை ஜெர்மனிக்கு அனுப்பனது இதுக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். நாங்களும் சிரித்தோம்.

மதியம் ஊருக்குள் நடந்தோம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், இலையெல்லாம் மஞ்சள். எங்கள் பக்கத்து ஆறுகளில் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்கலாம். ஸ்வர்ணமுகியில் தண்ணீர் வந்தால் ஸ்ரீகாளஹஸ்தியில் பாலத்தின் மேல் ஜனம் கூடிவிடும். இங்கே கரை தொட்டுத் தண்ணீர் போகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆற்றோரக் கடையில் ஃபேடர்வைஸர் விற்றார்கள். பாதி புளித்த திராட்சைச் சாறு. பொங்கிக்கொண்டே இருப்பதால் புட்டியை இறுக்கி மூட மாட்டார்கள். அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு, "அச்சு அசல் கள்ளு" என்றார். பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. மாங்காய் விலை, மாம்பழக் கூழ் ஃபாக்டரி, மழை.

"உங்க நைனா என்னா பண்றாரும்மா?" என்று அக்கா கேட்டார்.

"கூலிக்குப் போய்க்கினு இருந்தாரு அக்கா. இப்ப சொந்தமா ஒரு ஏக்கரா. தோத்தாபுரி மாமரம் வெச்சிருக்காரு. டிகேடி பட்டா."

டிகேடி பட்டா என்பது நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் நிலம். பட்டா வந்த அன்று நைனா, என் அப்பா, அதை எனக்குத்தான் முதலில் காட்டினார். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னார். அந்தப் பெருமையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் அதைச் சொல்வதும் எந்தத் தெரு என்று சொல்வதும் அநேகமாக ஒன்றுதான். அது சித்தூர்க்காரர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"டிகேடியா" என்றார் அண்ணா. கிளாஸை மேசையில் வைத்தார். "அப்ப நீங்க ஊருக்கு வெளியில, அந்த காலனி பக்கமா?"

"ஆமா அண்ணா."

"ஓ." அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஆற்றைப் பார்த்தார். பிறகு படகைப் பற்றி ஏதோ பேசினோம்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். "நீ உக்காரும்மா. வாரம் பூரா வேலை செஞ்சிக்கினு வர்ற. நான் பாத்துக்கறேன்." ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. தோசை ஊற்றக்கூட விடவில்லை. என் தட்டில் அவரே போட்டு, வெளியே நாற்காலியில் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. அக்காவுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக் கண்கூடக் கலங்கியது. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்று காலை பெட்டியை ஊற்றியது நான். முதல் நாள் அண்ணா, இரண்டாம் நாள் நான், முறைதானே என்று நானே நினைத்துக்கொண்டேன். பக்கத்து வண்டியில் ஹோர்ஸ்ட் என்று ஒருவர். முன்பு சொன்ன நீதிபதி அவர்தான். தொட்டியருகே "ஹாய்டெ ஸீ?", இன்று நீங்களா, என்று கேட்டுச் சிரித்தார். "யா" என்றேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த டப்பா ரொம்பிப் போச்சாம். ஒரு எட்டு போய் ஊத்திட்டு வந்துடேன்மா."

"நேத்து நான் போனேனே அக்கா. இன்னைக்கு உங்க முறை."

"அய்யே, என்னால ஆகாதும்மா. இவருக்கும் வாந்தி வருதாம். உங்களுக்கெல்லாம் பழக்கம்தானே."

கோபமில்லாமல், குரலைக்கூட மாற்றாமல் சொன்னார். உப்பு எடுத்துக் கொடு என்று கேட்பது போல. உள்ளே அண்ணா ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. அப்போதுதான் கத்தி கை மாறியதும், தோசைக் கரண்டி கை மாறியதும், நாற்காலியும் எனக்குப் புரிந்தன. வெள்ளிக்கிழமை என் கையால் கிண்டியதைத் தின்றவர்கள். இடையில் அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, டிகேடி என்ற மூன்று எழுத்தைத் தவிர. படிப்பில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். இது விளங்க எனக்கு ஒன்றரை நாள் ஆகியிருக்கிறது.

பழக்கம் என்றால், உண்டு. நான் படித்த பள்ளியில் கழிப்பறை கழுவ எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும்தான் எழுப்புவார்கள். கணக்கு வகுப்பு பாதியில் இருக்கும். வாசலில் நின்று சார் கூப்பிடுவார்: "ஏமே, பக்கெட்டு தீஸ்கோ." நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது கரும்பலகையை அழித்திருப்பார்கள். இதை வீட்டில் ஒருநாள் சொன்னேன். நைனா சண்டைக்குப் போகவில்லை. போயிருந்தால் மறுநாள் அவருக்குக் கூலி வேலை இருந்திருக்காது. மறுநாளிலிருந்து விடியற்காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவரே தண்ணீர் இறைத்துக் கழுவிவிட்டு, பிறகு காட்டு வேலைக்குப் போனார். நான் பத்தாவது முடிக்கும் வரை. அதற்குப் பிறகு என்னை யாரும் வகுப்பிலிருந்து எழுப்பவில்லை. என் கணக்குப் பாடம் அவர் கழுவிக் கொடுத்தது.

பெட்டியை உருவி எடுத்தேன். அதில் என் பங்கும் இருந்தது. தொட்டியருகே ஹோர்ஸ்ட் மறுபடியும் நின்றார். இந்தத் தடவை அவர் முகத்தில் கேலி. "திரும்பவும் நீங்களா? சீட்டாட்டத்தில் தோற்றீர்களா?"

"இல்லை. இது என் குடும்பத்தில் வழிவழியாக வந்த வேலையாம்" என்றேன் என் உடைந்த ஜெர்மனில்.

அவர் யோசித்தார். "ஆ, உங்கள் அப்பாவும் வோன்மொபில் வைத்திருந்தாரா? அருமை. என் அப்பாதான் எனக்கும் பழக்கிவிட்டார்" என்றார் மகிழ்ச்சியோடு. திருத்த வார்த்தை இருந்தது. திருத்தவில்லை. இந்த நாட்டில் ஒரு நீதிபதி தன்னுடையதைத் தானே ஊற்றிவிட்டு நீதிபதியாகவே திரும்பிப் போகலாம் என்பதை நான் அவருக்கு எந்த மொழியில் விளக்குவது?

ஊற்றி, இரண்டு தடவை அலசி, கையைக் கழுவி, பெட்டியை அதன் இடத்தில் பொருத்தினேன். என் பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ட்ரெயின்ல போறேன் அக்கா. நாளைக்கு காலையில ஒரு தடவை ஊத்தணும், வண்டிய திருப்பிக் குடுக்கும்போது ஒரு தடவை. ரெண்டும் உங்களுது."

"நாங்க இப்ப என்னா சொல்லிட்டோம்?" அக்காவின் முகத்தில் நிஜமாகவே திகைப்பு. "எங்க வூட்டுப் பொண்ணாட்டம் வெச்சிக்கினு இருந்தோமே."

அண்ணா கதவுக்கு வந்தார். "ஒரு சின்ன விஷயத்தை எதுக்கும்மா இப்டி பெருசு பண்ற? படிச்ச பொண்ணு."

"படிச்சதாலதான் அண்ணா" என்றேன்.

ஸ்டேஷனில் ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நைனா வீடியோவில் கூப்பிட்டார். தோப்பில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் மாமரங்கள். "ஊர்க்காரங்களோட போயிருக்கியே, நல்லா பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்க நைனா. என்னை ஒரு வேலை செய்ய விடல."

"அது போதும் தாயி. அம்மாந்தூரத்துல நம்ம மனுசங்க இருக்கறதே பெருசு. வுட்டுடாத."

சரி என்றேன். அவருக்கு நான் சொல்லும் பொய்களில் இது ஒன்று கூடுதல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து செய்தி வந்தது: கோழி வெச்சிருக்கேன், கோவத்தை வுட்டுட்டு வா. அதைப் படிக்கும்போது வாயில் எச்சில் ஊறியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். போயிருந்தால் தட்டு கைக்கு வந்திருக்கும், பேச்சும் காதுக்கு வந்திருக்கும். நான் போகவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டில் நான்கு பேருக்குப் பொதுவான சமையலறை. ஆசியக் கடையில் வாங்கிய கருவாட்டில் குழம்பு வைத்தேன். கொதி வந்ததும் மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே மூன்று ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டுப் போனார்கள். வெளியே நான்கு டிகிரி. நான் குளிர்க்கோட்டை மாட்டி, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு, அதன் வலது கையை மட்டும் முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, சுடுசோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றேன்.