மட்டிப் படுகையும் முப்பத்தொரு வீடும்

ட்வைலா ஃபுல்ச்சரிடம் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் தலையில் பாதி முடி கொட்டிவிடும் என்று சாலைத் துறைக்காரர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. பாலம் கட்ட வேண்டும் என்று வருவார்கள். இவள் தண்ணீரின் ஆழம் என்ன என்பாள். ஓடிப்போய் அளந்துகொண்டு வந்தால், எந்த மாதம் அளந்தீர்கள் என்பாள். இருபத்திரண்டு வருஷம் இதே பாடு. இத்தனைக்கும் அவள் உட்கார்ந்திருந்தது வனவிலங்கு அலுவலகத்தில், சம்பளம் வந்தது சாலைத் துறையிலிருந்து. கோப்பு தேங்கக்கூடாது என்று அவர்களே செலவு ஏற்று அங்கே போட்டுவைத்த நாற்காலி அது.

"எங்க சோத்தத் தின்னுட்டு எங்களுக்கே ஆப்பு வைக்கிற ஒரே ஆளு நீங்கதான், மிஸ் ட்வைலா" என்பான் சாலைத் துறை இன்ஜினியர் க்ளீட் பேர்ஃபுட்.

"ஆப்பு நல்லா இறங்கியிருக்கான்னு பாத்துச் சொல்லு, க்ளீட்" என்பாள் இவள். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு உயிர் என்றால் மட்டிதான், ஆற்றுச் சிப்பி. ஹேட்டிக் ஆற்றின் அடியில் மணலில் பாதி புதைந்து கிடக்கும், கொட்டைப்பாக்கு நிறத்தில் ஓடு, விளிம்பில் இரண்டு கொம்பு. கொம்பு மட்டி என்பார்கள். அழியப்போகிற உயிர்கள் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அது மொத்தமாகக் குடியிருந்த கடைசிப் படுகை எங்கள் டில்லார்ட் கவுண்டியில்தான் இருந்தது. கட்டிய புருஷன் ஒரு நாள், "நானும் ஓடு போட்டுக்கிட்டு ஆத்துல கெடந்தாத்தான் என்னப் பாப்ப போல" என்று சொல்லிவிட்டு ஜார்ஜியா பக்கம் போய்விட்டான். அதற்கெல்லாம் அவள் அழவில்லை. அந்த வாரமும் ஆற்றில் இறங்கி எண்ணிவிட்டுத்தான் வந்தாள்.

டில்லார்ட் புறவழிச்சாலை வந்தபோது எட்டு அலுவலகங்களை ஒரே மேஜையில் உட்காரவைத்தார்கள். ஈரநிலத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பழைய ஊர்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஒருவர் என்று. ஆளுக்கொரு திசையில் இழுத்துப் பத்து வருஷம் வீணாவதைவிட, கூடிப் பேசிப் படிப்படியாக முடிவெடுப்பது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். மொத்தம் நாலு கையெழுத்து. சாலை வேண்டுமா என்பது முதல் கையெழுத்து, எந்தெந்த வழிகளைப் பார்ப்பது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் தலையெழுத்து. எந்த வழி என்று முடிவாவது அதில்தான். நாலாவது, சேதத்தைக் குறைப்பது எப்படி என்பதற்கு. ஒருமுறை கையெழுத்துப் போட்டவர் பின்வாங்க முடியாது. 'புது விவரம்' என்று ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி திறக்கலாம். முப்பது நாளில் பதில் சொல்லாத அலுவலகம் சம்மதித்ததாகக் கணக்கு.

மிஞ்சியது இரண்டு வழி. தெற்கு வழி ஹேட்டிக் ஆற்றைச் சரியாக மட்டிப் படுகையின் மேல் கடந்தது. வடக்கு வழி ஒரு மைல் தள்ளிப் போனது, லிட்டில் கானான் வழியாக. முப்பத்தொரு வீடு, ஒரு சர்ச். அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்த கறுப்பின மக்கள் சேறும் மரமுமாகக் கிடந்த நிலத்தைத் தாங்களே வெட்டித் திருத்தி உட்கார்ந்த ஊர். இப்போது இருப்பவர்கள் அவர்களுடைய பேரன்களின் பேரன்கள்.

அந்த ஊருக்காகப் பேச வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. குடியிருப்புகளைப் பார்த்த மனுஷர் ஓய்வு பெற்று ஏழு மாதம், வேறு ஆளைப் போடவில்லை. க்ளீட் கடிதம் அனுப்பினான், முப்பது நாள் காத்திருந்தான், பதிலில்லை.

"சம்மதம்னு எழுதிக்கறேன்" என்றான்.

ட்வைலா அந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். ஆள் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் தள்ளிப்போயிருக்கும். மட்டிக்காக எத்தனை கூட்டத்தைத் தள்ளிப்போட்டவள்! வரைபடத்தில் கோடு தன் படுகையை விட்டு விலகிப் போகிறது என்ற சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குக் கேள்வி ஒன்றும் கேட்காமல் சட்டென்று கையெழுத்துப் போட்டாள். க்ளீட்டுக்கே ஆச்சரியம்.

இரண்டு வருஷம் கழித்து, செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, படுகையை மறுபடி எண்ணப் போனாள். கூட முங்கியவன் ஹோயிட் ஆம்ப்ரோஸ், அவளைப்போலவே நரைத்தவன், பதினாறு வருஷமாக அவளோடு ஆற்றில் இறங்குகிறவன். முந்தின மாதப் புயலில் மேலே எங்கோ ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக்குட்டை உடைந்து ஆற்றில் கலந்திருந்தது. மீன் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அடியில் என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் முங்கலில் ஓடு கிடைத்தது. வாய் பிளந்து, உள்ளே மண் அடைத்திருந்தது. இரண்டாவது முங்கலிலும் அப்படித்தான். நாலு மணி நேரம் மணலைத் துழாவினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு ஓடு எடுத்தார்கள். உயிரோடு ஒன்றுகூட இல்லை.

கரையேறிய ட்வைலா ஈர உடுப்போடு வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். புருஷனுக்கு அழாதவள். ஹோயிட் அவளை அழவிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"ட்வைலா, இத இன்னிக்கே அனுப்பிரு. படுகையே போச்சுன்னா வடக்கு வழி எதுக்கு? அந்த ஊராவது பொழைக்கட்டும்."

"ஒரு தடவ தேடுனா போதாது, ஹோயிட். உனக்குத் தெரியாததா?"

போதாதுதான். அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு மட்டி போதும். இல்லை என்று சொல்ல இரண்டு தேடல் வேண்டும், நடுவில் முப்பது நாளாவது விட்டு. தண்ணீர் குளிர்ந்துவிட்டால் மட்டி ஆழத்தில் போய்ப் பதுங்கும், அந்தத் தேடல் செல்லாது. முப்பது நாள் கழிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஆறு கலங்கிப் பெருகியது, பிறகு குளிர் வந்தது. அடுத்த தேடல் இனி மே மாதம்தான்.

ஆனால் முதல் தேடலின் முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று எந்த வழிகாட்டியிலும் இல்லை. 'இதுவரை கிடைத்தது இவ்வளவு, உறுதி செய்ய வேண்டியிருக்கிறது' என்று இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், நிலம் வாங்கும் வேலை நின்றிருக்கும். அது ட்வைலாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் படுகை செத்தது என்று தாளில் ஏறிவிட்டால், அந்த ஆற்றுக்கு இனி காவலே இல்லை. யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கொட்டலாம். எங்காவது ஒரு மட்டி, ஒரே ஒரு மட்டி, கல்லுக்கடியில் பிழைத்திருந்தால்? அந்த ஒன்றுக்காக அவள் மனசு அடித்துக்கொண்டது. இருபத்திரண்டு வருஷத்தையும் தன் கையாலேயே இல்லை என்று எழுதவும் அவளுக்குக் கை வரவில்லை. முறைப்படிதான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். முதல் தேடலின் படிவத்தை உறையில் போட்டு வண்டியின் இருக்கைக்குப் பின்னால் செருகினாள்.

நவம்பரில் லிட்டில் கானான் சர்ச்சில் கூட்டம் போட்டார்கள். நிலம் வாங்கும் ஆட்கள் வீடு வீடாக வரத் தொடங்கியிருந்தார்கள். எட்டு அலுவலகத்துக்கும் அழைப்பு போயிற்று. வந்தவள் ட்வைலா ஒருத்தி. அங்கேதான் வெறும் பேச்சு என்பதே கிடையாதே, முதலில் சாப்பாடு. காடி ஊற்றிய பன்றிக்கறி, கீரை, சோளரொட்டி என்று தட்டை நிரப்பினார்கள். எலிஷா மோரிங் எதிரில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தோரு வயது. நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ட்வைலாவையும் சின்னதில் ஏற்றி இறக்கியவர்.

"மிஸ் ட்வைலா, நான் படிச்ச ஆளு இல்ல. வளைச்சுப் பேசாம சொல்லுங்க. இத நிறுத்த ஏதாவது வழி இருக்கா?"

"கையெழுத்து ஆயிருச்சு, மிஸ்டர் மோரிங். புது விவரம்னு ஏதாவது வந்தாத்தான் மறுபடி தெறப்பாங்க."

பெரியவர் சிரித்துவிட்டார். "எங்ககிட்ட என்ன புது விவரம் இருக்கு? இங்க எல்லாமே பழசு. என்னையும் சேத்து!"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ட்வைலா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவருடைய மனைவி கொரீன் வந்து, "என்ன இப்படிக் கொறிக்கிறீங்க? உடம்புல ஒண்ணுமே இல்லையே!" என்று இன்னொரு கரண்டி கறி வைத்தாள். உறை வெளியே வண்டியில் இருந்தது. கதவைத் திறந்து இருபது அடி நடந்தால் எடுத்துவிடலாம். அவள் கறியைத் தின்று முடித்தாள், கையைத் துடைத்தாள், எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க லிட்டில் கானான் கரைந்துகொண்டே வந்தது. ஒரு வீடு போனால் பக்கத்து வீட்டுக்குக் கிலி பிடிக்கும். வாங்கிய வீட்டை விட்டுவைக்காமல் மறுவாரமே இடித்தார்கள், யாராவது புகுந்துகொள்வார்கள் என்று காரணம் சொல்லி. கொரீனுக்கு வாரம் மூன்று நாள் வீட்டிலேயே சிறுநீரகச் சிகிச்சை. நடுவில் குழாயையும் மின்கம்பியையும் அடிக்கடி வெட்டிப்போட்டுவிட்டுச் சரிசெய்தார்கள். ஏப்ரலில் மோரிங்கும் கையெழுத்துப் போட்டார். ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் சர்ச்சின் கூரையைப் பிரித்தார்கள்.

மே பதினெட்டாம் தேதி ட்வைலாவும் ஹோயிட்டும் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீர் தெளிவாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. ஹோயிட் தளவாடத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அன்று மாலையே அவள் எட்டு அலுவலகத்துக்கும் கடிதம் அனுப்பினாள். முறைப்படி இரண்டு தேடலின் தேதியும் முதல் வரியில் இருந்தது.

புது விவரம் வந்துவிட்டதே! மூன்றாவது கையெழுத்தைத் திறந்தார்கள். இந்தத் தடவை எட்டு அலுவலகமும் பத்தே நாளில் பதில் போட்டது. காலி நாற்காலியில்கூட ஆள் வந்திருந்தார், டெல்மார் விக்ஸ் என்று, கண்ணியமான மனுஷர். ஜூலையில் கூடினார்கள். சட்டப்படி எல்லாவற்றையும் இன்றைய நிலவரத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டார்கள். தெற்கு வழியில் இப்போது மட்டி இல்லை, ஆனால் பதினாலு ஏக்கர் ஈரநிலம் போகும். வடக்கு வழியில் ஈரநிலம் சொற்பம்.

"குடியிருப்பு?" என்று கேட்டார் விக்ஸ்.

க்ளீட் தாளைப் புரட்டினான். அவனுக்கும் குரல் இறங்கிவிட்டது. "பூஜ்யம், சார்."

"முப்பத்தொண்ணுன்னு பழைய அறிக்கையில பாத்தேனே?"

"அது அப்போ. இப்போ அங்க வீடே கெடையாது."

விக்ஸ் ட்வைலாவைப் பார்த்தார். கடிதத்தின் முதல் வரியை அவர் படித்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் என்ன கேட்பது? விதி எதுவும் மீறப்படவில்லை. வடக்கு வழியே நிலைத்தது. தாள் சுற்றி ட்வைலாவிடம் வந்தது. தன் அலுவலகத்துக்கு இனி அந்த ஆற்றில் சொல்ல எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

எழுந்தவள் நேராக மோரிங்கைப் பார்க்கப் போனாள். பாழாய்ப்போன தைரியம் அன்றைக்கு வந்து என்ன பிரயோஜனம்! டவுனில் சலவைக்கடைக்குப் பின்னால், மாடியில் வாடகை வீடு. கதவைத் திறந்த பெரியவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கையில் அவளுடைய கடிதத்தின் நகல் இருந்தது. பொதுத் தாள்தானே, யார் கேட்டாலும் கொடுப்பார்கள்.

"செப்டம்பர் இருபத்தாறுன்னு போட்டிருக்கு" என்றார். "தட்டச்சுத் தப்பா?"

"இல்ல, மிஸ்டர் மோரிங்."

"அப்ப நவம்பர்ல நான் ஒங்கள கேட்டப்ப..."

"தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள், திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"நின்னிருக்கும். எல்லா வீடும்."

உள்ளேயிருந்து கொரீனின் குரல் தேய்ந்து வந்தது. "யாரு, எலிஷா? நம்ம ஊர்க்காரங்க யாராச்சுமா? உள்ள வரச் சொல்லு, சாப்பிட்டாங்களான்னு கேளு."

பெரியவர் ட்வைலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். "நம்மளுக்குத் தெரிஞ்சவங்க இல்ல."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.