இருட்டிய பிறகு மூட்டிய சௌனா

இது கட்டுக்கதை அல்ல. நம்பாதவர்கள் பின்லாந்துக்கு வந்து சிர்க்காவின் கால் விரல்களை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு குறையும்.

அந்த டிசம்பரில் அவளுக்கு மனச்சோர்வு முற்றியிருந்தது. கணவன் விட்டுப்போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். ஊரெல்லாம் விளக்கும் பாட்டுமாக இருக்க, அவள் பல நாளாகப் போர்வைக்குள் கிடந்தாள். சிரித்த முகங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் மதியம் அக்கா தூலிக்கி போன் செய்தாள்.

"கிளம்பி வாடி. பன்றித்தொடை வெந்துக்கிட்டு இருக்கு. நீ வந்தாத்தான் வெட்டுவேன்."

"வேணாங்கா. எல்லார் முன்னாடியும் பல்லைக் காட்ட என்னால முடியாது."

"யாரு காட்டச் சொன்னா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே வா. எங்க வீட்டுக்காரர் வருஷம் முழுக்க அப்படித்தான் இருக்காரு."

சிர்க்கா போனை மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னலில் பார்த்தாள். கொல்லைக்கோடியில் இருந்த சௌனாவின், அதாவது நீராவிக் குளியலறையின், புகைபோக்கியில் புகை. வீட்டு உரிமையாளர் மூட்டியிருப்பார் என்று நினைத்தாள். அன்று இருட்டுவதற்குள் குளித்துவிட வேண்டும், அப்புறம் சௌனா செத்தவர்களுக்கு என்பது ஊர் வழக்கம். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. உடம்பாவது சூடாகட்டும் என்று போனாள்.

உள்ளே கும்மிருட்டு. மேல்பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"வா... இங்க யாரும் உன்னைச் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க."

சிர்க்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். இதமான சூடு. கண் சொக்கியது.

ஆவி கிளம்பட்டும் என்று சிர்க்கா அகப்பையில் நீர் மொண்டு, இருட்டில் அடுப்புக் கற்கள் இருக்கும் பக்கம் வீசினாள்.

சுர்ரென்ற சத்தம் வரவில்லை...

பக்கத்தில் மூச்சுச் சத்தமும் இல்லை.

"நான்... கிளம்பறேன்."

"எங்க? உனக்காக யாரு காத்திருக்கா?"

கால் அசையவில்லை.

முழங்காலில் ஒரு கை விழுந்தது.

சில்லென்று...

"அக்கா!"

கதவு படாரென்று திறந்தது. டார்ச் வெளிச்சம். தூலிக்கி!

மேல்பலகையில் சிர்க்கா மட்டும்தான் இருந்தாள். தலைமுடி விறைத்து உறைந்திருந்தது. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தரை, அதில் உறைந்த நீர். உரிமையாளர் போன வாரமே அடுப்பைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொண்டுபோயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சிர்க்கா கேட்டாள்.

"எப்படிக்கா வந்தே?"

தூலிக்கி அவள் கால் விரல் கட்டைப் போர்வையால் மூடினாள்.

"மனசு கேக்கல. திரும்ப உனக்கு போன் போட்டேன். எடுத்தாங்க. 'சிர்க்கா இங்க சௌனால கதகதப்பா இருக்கா, இனிமே வரமாட்டா'ன்னாங்க..."

"யாருக்கா?"

"உன் குரல்டி."