ஒன்பது வயதுக்கு எட்டாத வளையம்

கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் விடுமுறை முடிந்து, திங்கட்கிழமை பிற்பகல் விளையாட்டுக்கூடத்தின் கதவைத் திறந்த அல்டோனா, உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். பக்கச் சுவர்களில் இருந்த சின்னக் கூடைப்பந்துக் கூடைகளைக் காணோம். கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்கும் பழைய கூடைகள் அவை. அவை இருந்த இடத்தில் சுவருக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார்கள். கூடத்தின் இரண்டு முனைகளிலும் கண்ணாடிப் பலகைகள் பளபளத்தன. பலகையின் கீழ் ஓரத்தில் பச்சை எழுத்தில் மர அறுவை ஆலைக்காரன் தவ்ராஸின் பெயர்.

அவளுக்குப் பின்னால் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த பெண் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோச், நம்ம கூடை எங்க?"

"எனக்கும் அதான் தெரியணும்" என்றாள் அல்டோனா. அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். குரல் இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் இருப்பவன் குனிந்து காது கொடுத்தால்தான் கேட்கும். அப்படிக் குனிந்தவன் பாடு அதோகதிதான்.

ஷிலாகிரிஸ் சின்ன ஊர். லிதுவேனியாவின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் குழந்தை பிறந்தால் அப்பன்காரன் முதலில் செய்கிற வேலை, கொட்டகைச் சுவரில் ஒரு வளையத்தை அடிப்பதுதான். ஞானஸ்நானம்கூட அப்புறம்தான். எந்த அப்பனும் அதைத் தாழ்வாக அடிக்க மாட்டான். பெரிய ஆட்டக்காரர்களின் கூடை என்ன உயரமோ அதே மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். ஏணி போட்டு, அளவு நாடா பிடித்து, மட்டம் பார்த்து அடிப்பான். ஒரு சாண் குறைந்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "என்னப்பா, பையன் குள்ளமாவே இருந்துடுவான்னு டாக்டர் சொல்லிட்டாரா?" என்பான்.

அல்டோனாவின் அப்பாவும் அப்படித்தான் அடித்தார். எட்டு வயதில் அந்த உயரத்துக்குப் பந்தை ஒரு கையால் எப்படி அனுப்புவது? இடுப்புக்குக் கீழே கொண்டுபோய், உடம்பையே சுழற்றி, கிணற்றிலிருந்து வாளியை இழுத்து வீசுகிற மாதிரி வீசினாள். போய் விழுந்தது. அப்பா கைதட்டினார். பத்து வருடம் கழித்து, பெரிய ஊர்க் குழுவில் சேர்ந்தபோது, அவள் இடுப்பிலிருந்து பந்தை எடுப்பதற்குள் எதிரணிக்காரி தட்டிவிட்டுப் போய்விடுவாள். திருத்தப் பார்த்தார்கள். கை கேட்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பினாள். அதைப் பற்றி அவள் அழுததில்லை. ஆனால் அந்தக் கோபம் அப்படியே இருந்தது, அடுப்பில் மூடிவைத்த தணல் மாதிரி.

அதனால்தான் அவளிடம் வரும் சின்னப் பெண்களுக்கு வேறு பாடம். முதலில் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். ஒரே கையால் பந்தை மேலே விட வேண்டும். அது நேராகப் போய் அதே உள்ளங்கைக்குத் திரும்ப வேண்டும். மூக்கில் விழுந்தால் முழங்கை கோணல் என்று அர்த்தம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி தாழ்வான கூடையில் போட வேண்டும். கால் உதவக் கூடாது, கை மட்டும் வேலை செய்ய வேண்டும். பிறகு கூடைக்கு ஒரு எட்டு முன்னால் நின்று. பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் உரசிக்கொண்டு விழும்வரை யாரும் அடுத்த எட்டு பின்னால் போகக் கூடாது. ஊரில் இதற்குத் 'தூக்கப் பயிற்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் அப்பன்மார்தான்.

அன்றைக்குப் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு நேரே விளையாட்டுக்கூட இயக்குநரின் அறைக்குப் போனாள். எகிதியுஸ் எழுந்து நின்றான். அவளைவிடப் பதினேழு வயது சின்னவன். அவளிடம் பேசும்போது மட்டும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்வான்.

"பார்த்தீங்களா கோச்? கண்ணாடிப் பலகை! தலைநகர்ல இருக்கற மாதிரி!"

"சின்னக் கூடையை என்ன பண்ணே?"

"தவ்ராஸ் பழைய இரும்புன்னு எடுத்துட்டுப் போய் எடைக்குப் போட்டுட்டான். புதுசு வாங்கிக் குடுத்தவன் அவன்தானே. கூடம் பார்க்க லட்சணமா இருக்கணும்னான்."

"ஒம்பது வயசுப் பொண்ணுங்க எதுல போடும்?"

"இதுலதான். பழகிக்குவாங்க. நாங்கல்லாம் பழகலையா?"

"பழகினீங்க. அதனாலதான் நீ இங்க உக்காந்து பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு இருக்கே."

எகிதியுஸுக்கு முகம் சிவந்தது. காலரை இன்னொரு தடவை இழுத்துவிட்டான். "இந்தக் கூடத்துல இனிமே இந்தக் கூடைதான் கோச். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து ஊர்க்காரங்க விளையாட வராங்க. உங்க பொண்ணுங்க ஜெயிச்சா தவ்ராஸ் சீருடையும் வாங்கித் தரேன்னிருக்கான்."

அல்டோனா கதவைச் சாத்தவில்லை. அவள் கதவைத் திறந்தபடி விட்டுப் போனால் அது அறைந்து சாத்துவதைவிட மோசம் என்று அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதன்பின் அவள் குழு கூடையைப் பார்த்து ஒரு பந்துகூட வீசவில்லை. விட மாட்டேன் என்றாள். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து போகவேண்டும். கண் பந்தின்மேல் போகக் கூடாது, அவள் தூக்கிக் காட்டும் விரல்களை எண்ணிச் சொல்ல வேண்டும். தாழ உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டில் நகர வேண்டும், துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பந்தைத் தரையில் தட்டாமல் கைமாற்றியே எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் வேர்த்துக் கொட்டினார்கள். கண்ணாடிப் பலகைகள் மேலே சும்மா தொங்கின.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்குத்தான் பொறுக்கவில்லை. இந்த ஊரில் ஒவ்வொருத்தனும் தனக்குத்தானே கோச். வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டே சத்தமாகப் பேசுவார்கள்.

"கூடையே இல்லாம கூடைப்பந்து. நல்லா இருக்கு."

"சும்மா இருப்பா. அடுத்து பந்தையும் வாங்கி வெச்சுக்கப் போறாங்க."

ஒரு வியாழக்கிழமை அவள் சாவி எடுக்கப் போய்த் திரும்பிய நேரம், தவ்ராஸ் மைதானத்தில் இறங்கியிருந்தான். முன்னாள் ஆட்டக்காரன், இப்போது தோளும் வயிறும் ஒரே அகலம். மகள் ஸ்மில்தேயைப் பெரிய கூடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தான்.

"இடுப்புக்குக் கீழ கொண்டு போ. இன்னும் கீழ. இப்ப ஒடம்பைத் திருப்பி வீசு!"

ஸ்மில்தே வீசினாள். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்தக் குழந்தையின் முழங்கையை அல்டோனா தன் விரலால் பிடித்துப் பிடித்து நேராக்கியிருந்தாள். ஒரே வீச்சில் எல்லாம் போயிற்று. பந்து பலகையில் மோதி உள்ளே விழுந்தது. பெஞ்சு முழுக்கக் கைதட்டல். ஸ்மில்தே சிரித்தாள். அல்டோனா மைதானத்துக்குள் நடந்தாள்.

"தவ்ராஸ்" என்றாள். அவன் குனிந்தான்.

"கோச், போயிடுச்சு பாருங்க! நீங்க வீணா பயப்படறீங்க."

"எல்லாரும் கீழ வாங்க. அப்பாமாருங்க எல்லாரும்."

ஏறு கம்பிகளின் உச்சியில், கூரை உத்திரத்துக்குக் கீழே, உடற்பயிற்சி வளையம் ஒன்றைக் கட்டச் சொன்னாள். மாவு மூட்டை போலக் கனக்கும் தோல் பந்தைக் கொண்டுவந்தாள்.

"உங்க மகளுக்கு அந்தப் பந்தும் அந்தக் கூடையும் எப்படியோ, உங்களுக்கு இது அப்படி. ஒத்தைக் கையால, முழங்கை நேரா, நெத்திக்கு மேலேருந்து. போடுங்க."

முதல் ஆள் போட்டான். பந்து அவன் தலைக்கு மேலேயே நின்று யோசித்துவிட்டு அவன் காலிலேயே விழுந்தது. இரண்டாவது ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது ஆள் யாரும் சொல்லாமலே பந்தைத் தொடைக்கு நடுவில் கொண்டுபோய், முனகி, வாரி வீசினான். பெண் பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்பா, முழங்கை! முழங்கை!"

"மாமா, தரையில படுத்துப் போடுங்க!"

இப்போது புரியும் என்று நினைத்தாள் அல்டோனா. அங்கேதான் அவள் ஏமாந்தது. இந்த ஊர் ஆண்களிடம் ஒரு வளையத்தைக் காட்டிவிட்டு அவர்கள் யோசிப்பார்கள் என்று எதிர்பார்க்கலாமா? மேல்கோட்டைக் கழற்றினார்கள். வரிசையில் நின்றார்கள். யார் முதலில் போடுவது என்று ஒரு பெட்டி பீர் பந்தயம் ஆயிற்று. சத்தம் கேட்டு எகிதியுஸும் வந்து காலரைத் தளர்த்திக்கொண்டு வரிசையில் சேர்ந்தான். கடைசியில் தவ்ராஸ், தரையைத் தொடும் அளவுக்குப் பந்தை இறக்கி, உறுமிக்கொண்டே வீசியது வளையத்துக்குள் புகுந்து போய்விட்டது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினான்.

"பாத்தீங்களா கோச்! உயரமெல்லாம் ஒரு விஷயமே இல்ல! மனசு வேணும்!"

அல்டோனா விசிலை ஊதவில்லை. கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டாள். பந்துகளை வலைப்பையில் கட்டினாள். அவை அவள் சொந்தப் பந்துகள்.

"திங்கட்கிழமையிலேருந்து எங்க வீட்டுக்காரரோட டயர் கொட்டகையில பயிற்சி. வர்ற பொண்ணுங்க வரட்டும். வராதவங்களுக்கு இயக்குநர் வேற கோச் குடுப்பார்." மிக மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் குனிந்து கேட்டார்கள்.

வீட்டில் ஜெனோனாஸ் உருளைக்கிழங்கு அப்பத்தின்மேல் புளித்த பாலாடையை ஊற்றிக்கொண்டிருந்தவன், கரண்டியைக் கீழே வைத்தான்.

"என் கொட்டகையிலயா? ஊர்ல பாதிப் பேரு குளிர்கால டயர் மாத்த வர்ற நேரம் இது! டயரை எங்கடி அடுக்குவேன், உன் தலைமேலயா?"

"படுக்கையறையில அடுக்கு."

"அல்டோ, அவங்க ஆம்பளைங்க, விளையாடிட்டாங்க. விட்டுடேன்."

"அந்தப் பொண்ணு கை போயிடுச்சு ஜெனோ. நான் கண்ணால பாத்தேன். இன்னும் ரெண்டு மாசம் அப்படி வீசினா, அது என் கை ஆயிடும்."

அவன் அப்பத்தைத் தின்று முடித்தான். எழுந்து போய்த் துளைபோடும் கருவியைத் தேடிக்கொண்டு வந்தான். "எந்த உயரம்?" என்று மட்டும் கேட்டான்.

"ரெண்டு அறுபது."

"குள்ளமா இருக்குமே" என்றான் அவனும். அவள் பார்த்த பார்வையில் கருவியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனான்.

திங்கட்கிழமை கொட்டகையில் ரப்பர் நாற்றம். டயர்கள் கூரைவரை ஓரமாக அடுக்கியிருந்தன. ஒட்டுப்பலகையில் அடித்த இரண்டு வளையங்கள், கொஞ்சம் கோணல்தான். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அல்டோனா கம்பளித் தொப்பியோடு நடுவில் நின்றாள். குழுவில் பாதிதான் வந்தது. மீதிப் பேரை எகிதியுஸ் கல்லூரி முடித்த ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். கண்ணாடிப் பலகையும், சுடுதண்ணீரும், சீருடையும் அங்கே இருந்தன. அங்கே போன உக்னேயும் லுக்னேயும்தான் குழுவிலேயே நல்ல கைகள். அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தாள்.

வெளியே ஒரு வண்டி வெகுநேரமாக எஞ்சினை நிறுத்தாமல் நின்றிருந்தது. பிறகு கதவு திறந்து மூடும் சத்தம். ஸ்மில்தே உள்ளே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது, அழுது சண்டை போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கையுறையைக் கழற்றி, வளையத்துக்கு ஒரு எட்டு முன்னால் போய் நின்றாள். பந்து இடுப்புக்குப் போயிற்று.

"மேல" என்றாள் அல்டோனா.

நெற்றிக்கு வந்தது. போட்டாள். வளையத்திலேயே படவில்லை.

"மறுபடி."

பின்னாலேயே தவ்ராஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. மகள் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் அவன் வலது கை தானாகவே அசைந்தது.

"கோச், அது மூணு அஞ்சு இல்ல."

"கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு."

"பக்கத்து ஊர்க்காரங்க பார்த்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவன் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான். மரத்தில் பிழைப்பவன், அவனுக்கு அது தாங்கவில்லை. "அந்த ஒட்டுப்பலகை ஈரத்துல உப்பிடும் கோச். ஒரு வாரம் நிக்காது. ஓக் மரத்துல அறுத்து, மட்டமா இழைச்சு, நானே நாளைக்குக் கொண்டு வந்து..."

அல்டோனா அவன் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. டயர்களைத் தாண்டித் தெருவரை கேட்டது.

"பலகையை அனுப்பு. நீ வராதே."