சரளைப் பாதையில் முட்டைகள்

பூங்காவுக்கு வருகிறவர்கள் அவளை விசிலம்மா என்றுதான் அழைப்பார்கள். நடைபாதையை விட்டு யாராவது புல்லுக்குள் கால் வைத்தால் போதும், எங்கிருந்தோ விசில் சத்தம் பாய்ந்து வரும். சதுப்பு நிலத்துக்குக் காவல், பாதைக்குத் துடைப்பம், சாப்பாட்டுக் கொட்டகைக்குத் தண்ணீர் எல்லாமே அவள்தான்.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். விபத்தில் கால்கள் செயலிழந்தபின் வாசலைத் தாண்டியதில்லை. யாராவது கூப்பிட்டால், "எல்லாரும் என்னை வேடிக்கை பாக்கணுமா?" என்று சீறுவார். விசிலம்மா மட்டும் விடவில்லை. போகும்போதெல்லாம் நாரையையும் நீர்க்கோழிக் குஞ்சுகளையும் பற்றிப் பேசிப் பேசியே அவரைக் கரைத்தாள். கடைசியில், "ஒரே ஒரு தடவை வரேன். கோளாறாச்சுன்னா அப்புறம் கூப்பிடவே கூடாது" என்றார்.

தண்ணீரோரமாக இருந்த அந்தச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போகும் வழி ஒரே சேறு. சக்கர நாற்காலி புதைந்துவிடுமே என்று அவளே சரளைக்கல் சுமந்து கொட்டி, இடித்து, இறுகட்டும் என்று ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் விட்டாள்.

அங்கேதான் வினை. அக்காவும் அத்தானும் வரவிருந்த காலையில் பெருக்கப் போனவளின் தலைக்கு மேலே ஆட்காட்டிக் குருவி ஒன்று வட்டமிட்டுக் கத்தியது. குனிந்து பார்த்தாள். பாதை நடுவில், கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். அத்தானுக்காகப் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதையில் குருவி குடும்பம் நடத்த வந்துவிட்டது.

முட்டையைக் கண்டால் அவள் எப்போதும் பாதைக்குக் குறுக்கே கட்டும் கயிற்றை அன்றும் கட்டினாள்.

வேன் வந்து நின்றது. கயிற்றைப் பார்த்ததும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடி இது, கூப்பிட்டு வச்சு வழி மறிக்கிற?"

"முட்டை இருக்குக்கா."

"எடுத்து அந்தப் பக்கம் வையேன். அது என்ன வந்து விலாசமா கேக்கப் போகுது?"

"இடம் மாத்தினா தாய் திரும்பி வராதுக்கா."

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வண்டியை எடுக்கச் சொல்லு."

விசிலம்மா கெஞ்சவில்லை. சதுப்பின் மேலே நீளும் பலகைப் பாதை பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஏறுவதற்குப் படிகள். அவள் நேராகச் சாமான் அறைக்குப் போய்க் கதவைக் கீலிலிருந்து கழற்றினாள். வேன் டிரைவர் மறுமுனையைப் பிடிக்க, இருவருமாகப் படிகள்மேல் சாய்த்துப் போட்டார்கள்.

"கதவில்லாம உன் சாமானை எவனாவது தூக்கிட்டுப் போனா?" என்றார் அத்தான்.

"ஒரு மண்வெட்டி, ஒரு ஓட்டை வாளி. தூக்கிட்டுப் போனா எனக்கு வேலை மிச்சம். ஏறுங்க அத்தான்."

டிரைவர் தள்ள, அவள் முன்னாலிருந்து இழுத்தாள். சக்கரம் விளிம்பை உரசியதும் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், வலது பக்கம் ஒடி! ஒடிச்சுப் பிடி! இப்ப நேரா விடு!" லாரி ஓட்டிய காலத்துக் குரல். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

பலகைப் பாதை குறுகல். பேருந்தில் உட்காருவது போல் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கைமாற்றினார்கள். அத்தானுக்குச் சாப்பாட்டில் கவனமில்லை. நாணலுக்குள் நுழைந்த நீர்க்கோழி எந்தப் பக்கம் வெளியே வரும் என்று டிரைவரோடு வாக்குவாதம்.

பூங்கா மூடும் நேரம் வந்தது.

"கிளம்பலாமாங்க?" என்றாள் அக்கா.

"இரு, குஞ்சுங்க இன்னும் கரை சேரல."

"அத்தான், நான் கேட்டைப் பூட்டணும்," என்றாள் விசிலம்மா.

அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்ப?"