ஏரியை இன்னொரு முறை கேட்டவள்

இன்று காலை செங்கல்பட்டு ஸ்டேஷன். கிளம்பக் காத்திருந்த மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் இளம் தாய், அவள் மடியில் இன்னும் பேச்சு வராத மகள், பக்கத்தில் அவளுடைய நாத்தனார்.

தாய் குழந்தைக்குச் சைகை மொழி பழக்கிக்கொண்டிருந்தாள். பால். தண்ணீர். போதும். இன்னும்.

"கையிலயே எல்லாம் கெடச்சிட்டா அது எப்பமா வாயத் தொறக்கும்? தம்பிகிட்ட சொல்லி இன்னிக்கே நிறுத்தச் சொல்றேன்" என்றார் நாத்தனார்.

"பேச்சு வர்ற வரைக்கும் அழுதுகினே இருக்கணுமா அண்ணி?"

ரயில் நகர்ந்தது. கொளவாய் ஏரி வந்தது. அரைத்தூக்கத்தில் எனக்குப் பெட்டியே தண்ணீர்மேல் மிதப்பதுபோல் இருந்தது.

ஏரி முடிந்ததும் குழந்தை அழுதாள். நாத்தனார் பிஸ்கட் நீட்டினார். தள்ளிவிட்டாள். பிறகு விரல்நுனிகளைக் குவித்து, இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தட்டினாள்.

"இன்னும் வேணுமாம்" என்றாள் தாய்.

"இன்னா வேணுமாம்? பிஸ்கட்டுதான் வேணான்னுட்டாளே."

குழந்தை ஜன்னலைக் காட்டினாள்.

"ஏரி வேணுமாம், அண்ணி."

நாத்தனார் ஜன்னல் வழியே பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தீந்துபோச்சுன்னு எப்டிக் காட்டறது?" என்று கேட்டார்.

தாய் காட்டினாள். நாத்தனார் தயக்கத்துடன் உள்ளங்கைகளைத் திருப்பினார். குழந்தை அந்தக் கைகளையே பார்த்தாள். அழுகை நின்றது. அத்தையின் மடிக்குத் தாவினாள்.

எனக்கு இருபத்தாறு வயது. கடந்துபோன ஓர் ஏரியை யாரிடம், எப்படித் திரும்பக் கேட்பது என்று இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லலாம். எழுத வராவிட்டால் கையால் காட்டினாலும் போதும்.