ஐப்பசிக் கல்யாணத்துக் கனகாம்பரம்

போன வாரம் மகள் கல்யாணத்துக்குப் பூ பார்க்கப் புதுக்கோட்டையில் ஒரு மேடை அலங்காரக் கடைக்குப் போயிருந்தேன். கடை என்று பெயர்தான். உள்ளே பூவைக் காணோம். ஏசி அறை, சோபா, சுவர் நிறைய டிவி. கடைக்காரர் டிவியில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் மாதிரிக்கென்று ஃப்ரிட்ஜைத் திறந்து ஊதா நிறத்தில் ஒரு கொத்தை எடுத்துக் கொடுத்தார்.

"பெங்களூர்லேர்ந்து வருதுங்க ஆன்ட்டி. மூணு நாளானாலும் வாடாது."

முகர்ந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜ் வாசனைதான் வந்தது. யாரோ வைத்து மறந்த சாம்பாரும் அதில் லேசாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

என் கல்யாணமும் ஐப்பசியில்தான். அப்போதெல்லாம் பூக்கடை என்றால் ஈரச் சாக்கு வாசனை. மழைக்காலத்தில் அது இன்னும் தூக்கலாக இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்ட கடை ஒன்று. மாலை சொல்ல இரண்டு வீட்டாரும் அங்கேதான் கூடினோம். எங்கள் பக்கம் அம்மா, அப்பா, நான். அவர்கள் பக்கம் மாப்பிள்ளையும் விராலிமலையில் வாக்கப்பட்டிருந்த அவருடைய ஒரே அக்காவும். எனக்கு மதினி. மாமியார் இல்லாத வீடு என்பதால் அந்த வேலையையும் சேர்த்து அவளே பார்த்தாள். நேரில் நான் வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அன்றிலிருந்து 'அவள்'தான். உங்களிடம் மறைப்பானேன்?

அப்பாவுக்கு எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையில் கொஞ்சம் நிலம். கல்யாணம் பேசியதுமே அதில் ஒரு பாத்தி கனகாம்பரம் வைத்துவிட்டார், என் தலைக்கென்றே. அதை அம்மா பெருமையாகச் சொல்லப் போக, மதினி மூக்கைச் சுருக்கினாள்.

"கனகாம்பரமா? வாசன இல்லாத பூவ வச்சு என்ன செய்ய? தலைக்கும் ரோசா, மாலையும் ரோசான்னு சொல்லிருங்க அத்தை. பொண்ணு கலருக்கு ரோசாதான் கொஞ்சம் தூக்கிக் குடுக்கும்."

மாலை கட்டிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எம்பொண்ணு கலரு, பொண்ணு பாக்க வந்தப்பத் தெரியலையா? அப்பக் கண்ணு எங்கிட்டு இருந்துச்சு?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன். போட்டோவுல விழுகணும்ல?"

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகச் சண்டை போட வராது.

"எங்கப்பா வச்ச பூவுதான் எந்தலையில இருக்கும் மதினி. பாக்கச் சகிக்கலைன்னா அங்கிட்டுத் திரும்பிக்கங்க."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

"கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னாடியே இந்த வாயா? முடிச்சுப் போட எவ வர்றான்னு பாக்குறேன்!" என்று சொல்லிவிட்டு மதினி மழையில் இறங்கி நடந்தாள். மாப்பிள்ளை குடையோடு பின்னால் ஓடினார். குடையையும் வாங்காமல், தம்பியையும் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. மற்ற இரண்டையும் அவரோடு பிறந்தவள் போட வேண்டும். கூடப்பிறந்த ஒருத்தி உயிரோடு இருக்கும்போது வேறு யாரோ போட்டால் ஊர் என்ன பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் விராலிமலைக்கும் வல்லத்திராக்கோட்டைக்குமாக அலைந்தார்கள். மதினி பிடி கொடுக்கவில்லை.

அப்பா ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விட்டுரு ஆத்தா. ரோசாவே இருந்துட்டுப் போகட்டும். பூவுதானே."

மதினி பேச்சைவிட அதுதான் என்னை எரித்தது. பேச்சு வாங்கியது நான். தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது இவரா? "அந்தப் பூ இல்லைன்னா நான் மேடைக்கே வரல" என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

கல்யாணத்துக்கு முன்னால் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பாத்தியில் தண்ணீர் நின்று பாதிச் செடி அழுகிவிட்டது. முதல்நாள் விடிந்ததும் அப்பா உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்ததைப் பறித்து வந்தார். அம்மா மரிக்கொழுந்து சேர்த்துத் தொடுத்தாள். வேறு ஒருத்தரையும் அதில் கைவைக்க விடவில்லை.

மதினி மண்டபத்துக்கு வந்திருந்தாள். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். மாலை அவள் சொன்ன ரோசா மாலை. தலையில் என் கனகாம்பரம். கெட்டிமேளம் முழங்க அவர் முதல் முடிச்சைப் போட்டார். "கூடப்பிறந்தவங்க வாங்க" என்று ஐயர் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். நாதஸ்வரக்காரர் மூச்சுவிடாமல் ஊதிக்கொண்டிருந்தார். குனிந்த தலையோடு நான் அப்பாவின் கால்களை மட்டும் பார்த்தேன். அவை கடைசி வரிசைப் பக்கம் ஓரடி வைத்துவிட்டு நின்றன.

பிறகு பட்டுப்புடவை சரசரத்தது. பின்னாலிருந்து ஒரு கை என் ஜடையைப் பூவோடு சேர்த்துத் தூக்கியது.

"தலையக் குனி."

இரண்டு முடிச்சும் போட்டாள். மஞ்சள் கயிறு கழுத்தில் பதிகிற இறுக்கு. சிவந்த தடம் மறைய ஒரு வாரம் ஆனது. பந்தியில் பக்கத்தில் வந்து நின்றபோது சும்மா இருக்க முடியாமல் சொன்னேன்:

"இன்னுங் கொஞ்சம் இறுக்கியிருந்தா ஆளே முடிஞ்சிருப்பேன் மதினி."

"அவுந்துறக் கூடாதுன்னுதான் இறுக்குனேன். ஒன்னையப் புடிச்சுப்போயி இல்ல."

அதற்குப் பின் நாங்கள் ராசியானோம் என்று எதிர்பார்க்காதீர்கள். மகளுக்குக் காது குத்தியபோது கம்மல் சிறிசு என்றாள். வீடு கட்டியபோது வாசல் கோணல் என்றாள். அவள் மகன் கல்யாணத்தில் ரசத்தில் உப்பில்லை என்று நானும் பந்தியில் உரக்கச் சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. போன ஆடியில், ஆஸ்பத்திரியில் கிடந்தவளைப் பார்க்கப் போனோம். சாத்துக்குடி பிழிந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிக்குது. பாத்து வாங்கத் தெரியாதா?" என்றாள். அவள் என்னிடம் பேசியதில் அதுதான் கடைசி. செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை, அதை ஒளிக்கவுமில்லை.

வரப்போகிற மாப்பிள்ளை ஒரே பிள்ளை. என் மகளும் அப்படித்தான். சம்பந்தியம்மா வீடியோ காலில், "எல்லாம் ஒங்க சாய்ஸ்தாங்க, எங்களுக்கு எதுன்னாலும் ஓகே" என்கிறார். மகளும் அதையே சொல்கிறாள். என் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். பத்திரிகையில் பெயர் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ள ஆளில்லை. நல்ல மனிதர்கள், குறை சொல்லக்கூடாது. யாரைக் கேட்டு இதைச் செய்தாய் என்று மண்டபத்தின் நடுவில் நின்று கத்தும் உரிமையோடு இனி எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரப்போவதில்லை.