டி டிரைவில் இருந்த குரல்

என் வீட்டுக்காரர் ஸ்ரீநாத்தின் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது "தெரியாது" என்பதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிற வேலை அவருக்கு. லேப்டாப்பைப் பழுது பார்ப்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் திருமுல்லைவாயிலில் நாங்கள் குடிவந்த அடுக்குமாடியில், ஐடிக்காரர் என்றால் எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இவரும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்காது, அடுத்த வீட்டு லேப்டாப் இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே மந்திரம்தான் ஓதுவார். "முக்கியமானதையெல்லாம் டி டிரைவ்ல போட்டுடுங்க. சி போனாலும் டி போகாது." நாமக்கல்லில் படித்த காலத்தில் ஒரு கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததாம். ஆனால் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்தான். ஒரு ஹாலின் நடுவே பலகை அடித்து, இரண்டு அறை என்று வாடகைக்கு விடுகிறார்களே, அந்த மாதிரி. கட்டடம் விழுந்தால் இரண்டும் விழும். இது அவருக்கும் தெரியும். கேட்பவர்கள் தலையாட்டுவது பிடித்துப்போனதால் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே நம்பியவள் எதிர்வீட்டுக் கனிமொழி. அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ரொம்ப நாளாக ஒரு காரியம் செய்துவந்தாள். வேப்பம்பட்டில் ராஜகுமாரி என்று ஒரு பெண். கண் பார்வை கிடையாது, அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். கனிமொழி புத்தகங்களைச் சத்தமாகப் படித்து லேப்டாப்பில் பதிவு செய்வாள். ராஜகுமாரி ரயிலேறி வந்து தன் போனில் ஏற்றிக்கொண்டு போவாள். போன் பழசு, இடம் போதாது. ஒரு பாடம் மனசில் ஏறியதும் அதை அழித்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்வாள். பரீட்சைக்கு முந்தைய மாதம் எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பது என்று ஏற்பாடு. அதனால் மொத்தப் பாடமும் கனிமொழியின் டி டிரைவில் மட்டும்தான் இருந்தது.

அந்த மாதமும் வந்தது. சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்ட, லேப்டாப் நகரவே மாட்டேன் என்றது. தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, ராஜகுமாரி பாடம்லாம் இதுலதான் கீது. வேற எதுலயாச்சும் ஒரு காப்பி எடுத்துகினு அப்புறமா கை வைங்கண்ணா."

"எடுத்துடறேன்மா" என்றார்.

எங்கள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சொருகினார். காப்பி முடிய வெகுநேரம் ஆகும் என்று காட்டியது. பொறுமையில்லை, ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டார். டி-யிலிருந்து கொஞ்சம் இடத்தை வெட்டி சி-க்குக் கொடுக்க வேண்டும். அதற்கு டி-யில் இருப்பதையெல்லாம் தள்ளி நகர்த்த வேண்டும். பலபேர் லேப்டாப்பில் செய்த வேலைதானே என்ற தைரியம். நடுவில் கனிமொழி எட்டிப்பார்த்தாள்.

"காப்பி எடுத்துட்டீங்களாண்ணா?"

"எடுத்துட்டேன்."

அடுக்களையில் நின்ற நானும் அதை நம்பினேன்.

அந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. சார்ஜர்தான் அதற்கு உயிர். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மழை வருகிறதோ இல்லையோ, கரண்ட் முதலில் போய்விடும். அன்றைக்கும் போனது.

திரும்பி வந்தபோது டி என்ற எழுத்து மட்டும் இருந்தது. திறக்கப் போனால், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

"ஹார்ட் டிஸ்க்ல காப்பி இருக்குல்ல?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன், மேலே இருந்தது அடுத்தவள் பொருளாகப் போயிற்று.

கனிமொழியிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கரண்ட் போனதுல எல்லாம் போச்சும்மா. காப்பியும் சரியா விழலை." அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு இவரையே தேற்றினாள். "கரண்ட் போனா நீங்க இன்னாண்ணா பண்ணுவீங்க, உடுங்க." மறுநாள் அடை சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் அதை என் தட்டுக்குத் தள்ளிவிட்டார்.

"போய்ச் சொல்லித் தொலைங்க" என்றேன். "சொல்றேன் வித்யா" என்றார். சொல்லவில்லை. லிஃப்டில் அவளைப் பார்க்க நேருமே என்று படிக்கட்டில் ஏறி இறங்கினார். வேறு லேப்டாப் எதையும் தொடவில்லை. லீவு போட்டு, அழிந்ததைத் தேடி மீட்கிற சாஃப்ட்வேரை ஓடவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பெரும்பகுதி கிடைத்தது. ஆனால் பெயரும் இல்லை, வரிசையும் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் வெறும் நம்பர். எது எந்தப் பாடம் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ராஜகுமாரி ரயிலேறி வந்தாள். மூவரும் எங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஸ்ரீநாத் ஒவ்வொன்றாகப் போடுவார். "பல்லவர்" என்பாள் ராஜகுமாரி. "இது பொருளாதாரம், ரெண்டாவது பாடம்" என்பாள் கனிமொழி. அவர் பெயரை அடிப்பார். நான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஃபைலில் பாடம் முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கனிமொழி நிறுத்த மறந்திருக்கிறாள். ராஜகுமாரியின் குரல் கேட்டது.

"அக்கா, இதெல்லாம் அழிஞ்சி கிழிஞ்சி பூடாதே?"

"அதெல்லாம் போவாது. எதிர் ஊட்டு அண்ணன்தான் டி-ல போடச் சொன்னாரு. தங்கமான மனுசன்டி. அவரு பார்த்துக்குவாரு."

மேசையில் இருந்த இரண்டு பெண்களும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் காப்பி எடுக்கலைம்மா" என்றார். "நேரமாகும்னு நிறுத்திட்டேன். எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். கரண்ட் மேல தப்பில்லை, என் மேலதான்."

கனிமொழி அவரையே பார்த்தாள். "பாடம் எப்டி போச்சின்னு ராஜகுமாரி அம்மா கேட்டப்ப, ஈபி-காரன வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேன்ணா நானு" என்றாள். நான் வைத்த டீயைத் தள்ளி வைத்தாள்.

"இன்னும் எத்தினி கீது? அடுத்தது போடுங்க" என்றாள் ராஜகுமாரி. அவளுக்குப் பரீட்சை.

எல்லாம் முடிந்து பார்த்தால் அரசியலமைப்புப் பாடங்கள் சில தேறவில்லை. திறந்தால் வெறும் இரைச்சல். "கெட்டுப்போனத நீங்களே படிச்சிக் குடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு, ராஜகுமாரி கனிமொழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

அறைக் கதவைச் சாத்தி, பதிவில் சத்தம் விழும் என்று ஃபேனையும் நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்கப் படித்தார். தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். முடித்து, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று காப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு ராஜகுமாரிக்குப் போன் போட்டார்.

"எடுத்துட்டேன்மா."

"போட்டுக் காட்டுங்கண்ணா" என்றாள் அவள். "கோச்சிக்காதீங்க. நீங்க எடுத்துட்டேன்னு சொன்னா எனக்குப் பத்தாது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போனை லேப்டாப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பாடத்தைப் போட்டார். அவள் கடைசிவரை கேட்டாள். அவரும் கடைசிவரை கையை இறக்கவில்லை.